வெளுத்தால் குத்து

லாரியின் முன்கண்ணாடியில் கல் பட்டால் விரிசல் விடாது. கண் மூடித் திறப்பதற்குள் முழுக் கண்ணாடியும் வெளுத்துப்போகும். சின்னச் சின்னத் துண்டாக நொறுங்கி, ஆனால் கீழே விழாமல், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். எதிரே வரும் பஸ்ஸும் தெரியாது, ஓரமாகப் போகும் மாடும் தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவனுக்கு யோசிக்க நேரம் கிடையாது. கையை மடக்கி நடுவில் ஒரு குத்து விடவேண்டும். கண்ணாடி பொலபொலவென்று கல்கண்டு மாதிரி மடியில் கொட்டும், காற்று முகத்தில் அறையும், ரோடு தெரியும். குத்தத் தயங்கியவன் செத்தான்.

1991-இல் எங்கள் ரோட்டில் இது தெரியாத டிரைவர் கிடையாது. 'வெளுத்தா குத்து' என்பார்கள். கியர் போடக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னாலேயே கிளீனர்களுக்கு இதைச் சொல்லிவிடுவார்கள். எந்த டிரைவரின் வலது கையைப் பார்த்தாலும் விரல் கணுக்களின் மேல் வெள்ளையாகத் தழும்பு ஓடும். டீக்கடையில் கிளாஸை வாங்க நீளுகிற கையைப் பார்த்தே, இந்த ஆள் பழைய டிரைவரா புது டிரைவரா என்று நான் சொல்லிவிடுவேன்.

எங்களுக்குப் பிழைப்பே அந்தக் கண்ணாடிதான். தண்டலத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில், பெங்களூர் ரோட்டை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, லாரிக்கும் காருக்கும் முன்கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் வெளியே, நான் உள்ளே. கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டுவோம். ரப்பரின் பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றி ஓடவிட்டு, இரண்டு முனையையும் வண்டிக்குள் தொங்கவிடுவோம். சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டு அவர் வெளியே நின்று உள்ளங்கையால் கண்ணாடியை அறைவார். அவர் அறைகிற இடத்தில் நான் உள்ளிருந்து கயிற்றை இழுக்கவேண்டும். கயிறு வர வர, ரப்பரின் உதடு வண்டித் தகரத்தின் விளிம்பில் ஏறி உட்காரும். நான் முந்தினால் ரப்பர் கிழியும், அவர் முந்தினால் கண்ணாடி போகும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, ஒரு ஆள் கண்ணாடியைப் போட்டு அடிக்கிறான், ஒரு பொம்பளை உள்ளே உட்கார்ந்து அவனைத் திட்டுகிறாள் என்றுதான் தெரியும். திட்டுவது உண்மைதான். கயிறு இழுத்து என் விரலெல்லாம் வெட்டு, அதில் சோப்புத் தண்ணீர் பட்டால் வாய் சும்மா இருக்காது. பொதுவாகவே எனக்குக் கோபம் வந்தால் எதிரே நிற்பது யாரென்று தெரியாது. லாரி முதலாளி ஒருத்தர் நான் வண்டிக்குள் குனிந்திருக்கும்போது என் இடுப்பைப் பற்றி ஏதோ சொன்னார் என்று வாளியோடு தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்தவள் நான். என் வீட்டுக்காரர் நேர்மாறு. கண்ணாடியைத் தவிர வேறு எதையும் அவர் அறைந்து நான் பார்த்ததில்லை. ஊரில் என்னைப் பத்ரகாளி என்பார்கள், அவரைப் பாவம் என்பார்கள். இரண்டும் சரிதான்.

அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து, எங்கள் ஊர்ப் பெயரை உலகமே சொன்னது. அதற்கப்புறம் கொஞ்ச நாள் ரோட்டில் கல் பறந்தது. ஓடுகிற வண்டியெல்லாம் முன்கண்ணாடிக்குக் கம்பி வலை கேட்டு எங்கள் கொட்டகை முன்னால் வந்து நின்றன. வலை அடித்த பஸ் கோழிக்கூண்டு மாதிரி ஜனங்களை அடைத்துக்கொண்டு போகும். ஊர் அடங்கியதும் வலைகளைக் கழற்றிப் போட்டார்கள். கல் எறிகிற வேலையைப் பழையபடி ஜல்லி லாரிகள் பார்த்துக்கொண்டன. குவாரியிலிருந்து தார்ப்பாய் போடாமல் குவித்து ஏற்றிக்கொண்டு வருவான்கள். பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் மேலிருந்து ஒன்று உருளும். அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது, அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் அப்போது கார் பந்தய மைதானம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பந்தய நாட்களில் மெட்ராஸிலிருந்து, நாங்கள் படத்தில்கூடப் பார்க்காத கார்கள் எங்கள் கொட்டகையைத் தாண்டிச் சீறிக்கொண்டு போகும். அதில் ஒன்று, சிவப்பு நிறம், தரையோடு தரையாக இழைந்து போகிற வெளிநாட்டுக் கார். இரண்டே பேர்தான் உட்காரலாம். அந்தக் காரின் சொந்தக்காரர், பெரிய குடும்பத்துப் பிள்ளை, முப்பது வயதுக்குள் இருக்கும், மைதானத்தில் மட்டும்தான் ஓட்டுவார். லாரியும் மாட்டுவண்டியும் போகிற ரோட்டில் ஓட்டுவதற்கு ஒரு டிரைவரை வைத்திருந்தார். டிரைவர் மணிமங்கலத்துக்காரர். வெகு காலம் லாரி ஓட்டியவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட் போட்டு அந்தக் காருக்குள் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும். உயரமான ஆள். முட்டி இரண்டும் ஸ்டியரிங்குக்கு இரண்டு பக்கமும் நட்டுக்கொண்டு நிற்கும்.

மழைக்காலத்துக்கு முன்னால் நடந்த ஒரு பந்தயத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது அந்தக் காரை எங்கள் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். பந்தயத்தில் முன்னால் போகிற வண்டி கல்லை வாரி அடிக்கும், முன்கண்ணாடியில் கீறல் விழாமல் ஏதாவது செய்யவேண்டும் என்றார் கார்க்காரர். வலை அடிக்கலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பெண்டாட்டி முகத்தில் கம்பி வலை அடிக்கச் சொன்ன மாதிரி அந்த மனிதர் முறைத்தார். கடைசியில், அவரே கொண்டுவந்திருந்த தடித்த பிளாஸ்டிக் தாளை வெளிப்பக்கம் ஒட்டினோம். குமிழி இல்லாமல் ஒட்டுவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. கண்ணாடியை நாங்கள் தொடும்போதெல்லாம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். 'இந்த கிளாஸ் இந்தியாவுலேயே கிடையாது. கப்பல்ல வரணும். ஒரு கீறல் விழுந்தது, தொலைச்சிடுவேன்' என்றார்.

அந்தக் கண்ணாடி வேறு ஜாதி. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து ஒட்டியது. கல் பட்டால் வெளுக்காது, கொட்டாது. சிலந்தி வலை மாதிரி விரிசல் ஓடும், ஆனால் விரிசலுக்கு நடுவே ரோடு தெரியும், ஓரம் கட்டி நிறுத்திக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் இதை டிரைவரிடம் தனியாகச் சொன்னார்.

"யோவ், இதுல கல்லு கில்லு பட்டா குத்தாத. இது வுழாது. சும்மா ஓரங்கட்டு."

"தெரியும்யா. மொதலாளி ஏற்கெனவே சொல்லிக்கீறாரு. நான் இன்னா கொயந்தையா?" என்று டிரைவர் சிரித்தார்.

அவர் தலைக்குத் தெரிந்துதான் இருந்தது. கைக்கு யாரும் சொல்லவில்லை.

பந்தயத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். ரோட்டில் டமார் என்று ஒரு சத்தம். அதை ஒட்டியே இன்னொரு சத்தம். அப்புறம் பிரேக் கிறீச்சிட்டது. முதல் சத்தம் எங்களுக்குப் பழக்கம், அது கல். இரண்டாவதும் பழக்கம், அது குத்து. அதன்பின் கண்ணாடி கொட்டுகிற சத்தம் வரவேண்டும். வரவில்லை. ஒரு ஆள் கத்துகிற சத்தம் வந்தது.

ஓடினோம். அந்தச் சிவப்புக் கார் எங்கள் கொட்டகைக்குக் கொஞ்சம் தள்ளி மண்ணில் இறங்கி நின்றது. ஜல்லி லாரி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கார் முன்கண்ணாடியின் வழியாக ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டைக் கை முழங்கை வரை சுருண்டிருந்தது. முஷ்டி மடக்கியபடியே இருந்தது. அதிலிருந்து ரத்தம் சிவப்பு பானெட்டில் கோடு கோடாக இறங்கியது. காரின் நிறத்தில் அது தெரியவே இல்லை, கீழே மண்ணில் சொட்டும்போதுதான் தெரிந்தது.

லாரியிலிருந்து பறந்த கல் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓட்டை போட்டு உள்ளே விழுந்திருக்கிறது. சுற்றி விரிசல் ஓடியதும் டிரைவரின் கை போய்க் குத்திவிட்டது. கண்ணாடி கொட்டவில்லை என்றதும் இன்னும் பலமாகத் தள்ளியிருக்கிறது. ஓட்டை கிழிந்து கை வெளியே போய்விட்டது. ஏரியில் மீனுக்கு வைக்கிற பறியின் வாய் எப்படி இருக்கும்? உள்ளே போக வழி விடும், திரும்பி வர விடாது. அந்தக் கண்ணாடியும் அப்படித்தான் இருந்தது. உடைந்த பல்லெல்லாம் வெளிப்பக்கம் மடங்கி, கையைப் பின்னால் இழுத்தால் மணிக்கட்டில் இறங்கியது. நடுவில் இருந்த தாளும், மேலே நாங்கள் ஒட்டிய தாளும் பல் எதுவும் உதிராமல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

கார்க்காரர் பக்கத்து சீட்டிலிருந்து இறங்கினார். அவர் மேல் ஒரு கீறல் இல்லை. காருக்கு முன்னால் வந்து கண்ணாடியைப் பார்த்தார். கையைப் பார்க்கவில்லை. அப்புறம் டிரைவர் பக்கம் சுற்றி வந்து, ஜன்னல் வழியாக அவர் பிடரியில் ஓங்கி அடித்தார்.

"யாருடா உன்னைக் குத்தச் சொன்னது? சின்ன ஓட்டை! டேப் போட்டு ஓட்டியிருப்பேன்டா நாயே!"

அடித்த அடியில் டிரைவரின் உடம்பு முன்னால் போய்ப் பின்னால் வந்தது. கை கண்ணாடிக்குள் ஒருமுறை அறுபட்டது. அவர் போட்ட கத்தலில் மரத்திலிருந்த காக்காயெல்லாம் பறந்தன.

என் வீட்டுக்காரர் திரும்பி ஓடி, ரப்பர் அறுக்கிற கத்தியையும் தகரம் வெட்டுகிற கத்தரியையும் எடுத்து வந்தார். செய்யவேண்டியது என்ன என்று எனக்கும் தெரியும். சுற்றியிருக்கிற ரப்பரை அறுத்துக் கண்ணாடியை முழுசாகக் கழற்றவேண்டும். ஓரத்திலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கத்தரியால் வெட்டிக்கொண்டே வந்து பிளந்தால் கை தானாக வெளியே வரும். அதுவரைக்கும் கையை ஒரு நூல்கூடப் பின்னால் இழுக்கக் கூடாது. இழுத்தால் கைக்குள் ஓடுகிற நரம்பு போய்விடும். நரம்பு போன கை ஸ்டியரிங் பிடிக்காது. ஸ்டியரிங் பிடிக்காத டிரைவரை எவன் வைத்துக்கொள்வான்? அந்த ஆளுக்கு இருந்த சொத்து அந்தக் கைதான்.

கத்தியைப் பார்த்ததும் கார்க்காரர் என் வீட்டுக்காரரின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார்.

"ரப்பரைத் தொட்டே, கொன்னுடுவேன். அதுவும் இங்க கிடைக்காது. சோப்புத் தண்ணி போடு. மெதுவா இழுத்தா வந்துடும். நாளன்னைக்கு ரேஸ் இருக்குய்யா எனக்கு!"

என் வீட்டுக்காரர் கையில் கத்தியோடு அப்படியே நின்றுவிட்டார். பெரிய மனிதர் கத்தினால் அவருக்குக் கால் ஓடாது. அவரைத் திட்டுவதற்குக்கூட அப்போது நேரமில்லை. ஏனென்றால் டிரைவர் தானாகவே கையை இழுக்க ஆரம்பித்திருந்தார். சூடு பட்டால் கை தானாகப் பின்னால் வருமே, அந்த மாதிரி. ஒவ்வொரு இழுப்புக்கும் பல் ஆழமாக இறங்கியது. பக்கத்துக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே பாய்ந்தேன்.

அந்தக் காருக்குள் ஆட்டுக்குட்டிகூடத் திரும்ப முடியாது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. டிரைவரின் மடியில் குறுக்காக ஏறி உட்கார்ந்து, என் முதுகை அவர் நெஞ்சில் முட்டுக்கொடுத்து, அவர் முழங்கையை இரண்டு கையாலும் கண்ணாடிப் பக்கம் அழுத்திப் பிடித்தேன். வெளியே பஸ் நின்று ஜனங்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமான பொம்பளை அந்நிய ஆம்பளை மடியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று எவன் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

"வுடுமே! வுடு! எரியுதுமே!"

"இழுக்காதய்யா! இழுத்தா கை பூடும்!"

"வுடுடீ!"

இடது கையால் என்னைக் குத்தினார். முதலில் விலாவில். அப்புறம் காதில். லாரி ஓட்டிய கை. காதுக்குள் ஙொய் என்று ஒரு சத்தம் எழுந்து மற்ற சத்தமெல்லாம் தூரத்தில் போய்விட்டது. நான் விடவில்லை. தோளைக் கடித்தார். ரவிக்கையோடு சேர்த்துச் சதையில் பல் இறங்கியது. நான் தலையைப் பின்னால் ஓங்கி அடித்தேன், என் பின்மண்டை அவர் மூக்கில் பட்டது. அவர் மூக்கிலிருந்து ரத்தம் என் கழுத்தில் சுடச்சுட வழிந்தது. என் வாயில் அன்றைக்கு வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவர் அம்மாவையும் விடவில்லை, அவர் ஊரையும் விடவில்லை. திட்டிக்கொண்டே, அழுத்திக்கொண்டே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நீ ஆம்பளையாயா? அறுய்யா அத்த!" என்று கத்தினேன்.

அவர் ரப்பரில் கத்தியை வைத்தார்.

கார்க்காரர் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து முகத்தில் குத்தினார். உதடு கிழிந்தது. மறுபடி குத்தினார். கண்ணாடியைத் தவிர எதையும் அறையாத என் வீட்டுக்காரர் அப்போது அறைந்தார். தினமும் லாரிக் கண்ணாடியை அடித்து அடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. கார்க்காரரின் நெஞ்சில் அது விழுந்த சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. அவர் பின்னால் சாய்ந்து, ரோட்டோரம் நாங்கள் கொட்டி வைத்திருந்த உடைந்த கண்ணாடிக் குவியலில் போய் உட்கார்ந்தார். எழுந்தபோது அவர் பேண்ட்டின் பின்பக்கம் முழுக்க ரத்தப் பொட்டு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது நினைத்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

பின்னால் வந்து நின்ற லாரிகளிலிருந்து டிரைவர்கள் இறங்கி வந்து அவரைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முஷ்டியைப் பார்த்ததும் அவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒருத்தர் "ஐயோ, குத்திட்டானே" என்றார். அவ்வளவுதான். அவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் குத்தியவர்கள்தான்.

என் வீட்டுக்காரர் சுற்றி வந்து ரப்பரை அறுத்தார். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் கண்ணாடியைத் தாங்கிக்கொண்டார்கள். டிரைவர் குத்துவதை நிறுத்திவிட்டார். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, சின்னக் குரலில், "கை பூட்ச்சின்னா எனுக்கு வேற ஒண்ணும் தெரியாதுமே" என்றார்.

"பூவாது. நான் புடிச்சிக்கினு கீறேன் இல்ல? ஆட்டாத. தோ ஆச்சி" என்றேன்.

கத்தரி ஓரத்திலிருந்து கறக் கறக் என்று வர ஆரம்பித்தது. தாளும் கண்ணாடியும் சேர்ந்து வெட்டுப்பட்டு, ஒரு ஜாண், இன்னொரு ஜாண் என்று பிளவு மணிக்கட்டை நெருங்கியது. இன்னும் நாலு விரற்கடைதான் இருந்தது.

அப்போதுதான் கார்க்காரர் திமிறிக்கொண்டு வந்தார். தன் காரை வெட்டுகிற சத்தத்தை அவரால் தாங்க முடியவில்லை போலிருக்கிறது. யாரும் தடுப்பதற்குள் ஜன்னல் வழியாக இரண்டு கையையும் உள்ளே விட்டு, டிரைவரின் தோளைப் பிடித்து, கிணற்றிலிருந்து வாளியை இழுக்கிற மாதிரி ஒரே இழுப்பு இழுத்தார். நான் அழுத்தினேன். என் பலத்துக்கு மீறி அழுத்தினேன். அவர் ஆம்பளை, நின்றுகொண்டு இழுக்கிறார். என் விரலுக்குக் கீழே, அந்தக் கைக்குள்ளே, ஏதோ ஒன்று டப்பென்று விட்டது. நான் வாழ்நாளெல்லாம் கயிறு இழுத்தவள். அறுந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டாம்.

டிரைவர் கத்தவில்லை. முகத்தைத் திருப்பி, தன்னை இழுத்தது யார் என்று பார்த்தார். நன்றாகப் பார்த்தார். அவர் முகத்துக்கும் கார்க்காரர் முகத்துக்கும் நடுவில் என் முகம்தான் இருந்தது. அதனால்தான் எனக்குத் தெரியும். வெளியே நீட்டியிருந்த முஷ்டி மெதுவாக, தூங்குகிறவன் கை மாதிரி, விரிந்தது.

கண்ணாடி பிளந்து கை வெளியே வந்தது. என் முந்தானையைக் கிழித்துச் சுற்றி, ஒரு லாரியில் ஏற்றி அனுப்பினோம். ஸ்ரீபெரும்புதூரில் கட்டுப்போட்டு, மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். கார்க்காரர் கார் முழுக்க ரத்தத்தோடும், முன்னால் கண்ணாடி இல்லாமலும், தானே ஓட்டிக்கொண்டு போனார். காற்று அவர் முகத்தில் அறைந்திருக்கும். என் தோளில் கடிபட்ட இடம் பழுத்து, கொட்டகைக்குள் கை தூக்க முடியாமல் கொஞ்ச நாள் கிடந்தேன். என் வீட்டுக்காரர் கிழிந்த உதட்டோடு சமைத்துப் போட்டார். அவர் கார்க்காரரை அறைந்த பிறகு அவர் தட்டில் நான் முதல் கரண்டிச் சோறு வைக்கும்போது எனக்கு ஒரு மரியாதை வந்திருந்தது.

அப்புறம் டீக்கடையில் பேச்சு வர ஆரம்பித்தது. கண்ணாடிக் கடைப் பொம்பளை அழுத்திப் பிடித்ததால்தான் அவனுக்குக் கை போனது, விட்டிருந்தால் அப்போதே எடுத்துக்கொண்டிருப்பான் என்றார்கள். யார் சொன்னது என்று கேட்டேன். அந்த டிரைவரே சொல்கிறார் என்றார்கள். ஆஸ்பத்திரியில் பார்க்கப்போனவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொன்னாராம். கார்க்காரர்தான் வைத்தியச் செலவைப் பார்க்கிறார், வேலையிலிருந்தும் நிறுத்தவில்லை என்றும் சொன்னார்கள். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்கியதால் கோபம் குறையவில்லை. ராத்திரி பகல் அந்த டப் என்கிற சத்தம் என் விரலில் இருந்துகொண்டே இருந்தது. யாரிடம் போய் விரலைக் காட்டி இதைச் சொல்வது?

பொங்கல் கழிந்து சில நாளில் அந்தச் சிவப்புக் கார் மறுபடி எங்கள் கொட்டகை முன்னால் வந்து நின்றது. முன்னால் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. பின்னாலேயே ஒரு வேனில், மரச்சட்டம் அடித்த பெட்டிக்குள் புதுக் கண்ணாடியும் ரப்பரும் வந்தன. கப்பலில் வந்ததுதான். மெட்ராஸில் கேட்ட இடத்திலெல்லாம் மாட்டும்போது உடைந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்களாம். கார்க்காரர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடி எங்களைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டிலிருந்து டிரைவர் இறங்கினார். இளைத்திருந்தார். வெள்ளைச் சட்டையின் வலது கை மணிக்கட்டு வரை பட்டன் போட்டு மூடியிருந்தது. இப்போது காரைத் துடைக்கிற வேலையாம். துணி இடது தோளில் கிடந்தது.

என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசாமல் நேராக என்னிடம் வந்தார். காருக்குள் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

"இன்னாமே. மொதலாளி பெரிய மனசு பண்ணி உங்க கைலயே வேல குடுக்கச் சொல்லிட்டாரு. நீ புடிச்சி அமுக்குனதாலதான் எனுக்கு கை பூட்ச்சின்னு அவருக்குத் தெரியும். ஆனாலும் மன்னிச்சி வுட்டுட்டாரு."

சொல்லிவிட்டு அவர் கண் ஒரு நொடி காரின் பக்கம் போய்விட்டு வந்தது. சொன்னது சரியாகக் கேட்டதா என்று பார்க்கிற பார்வை.

நான் அறைந்தேன். யோசிக்கவில்லை. அந்த ஆள் பாவம், வேலைக்குப் பயந்து சொல்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என் உள்ளங்கை எரிகிற அளவுக்கு, என் காதில் அவர் குத்தியதற்கும், தோளில் கடித்ததற்கும், எல்லாவற்றையும்விட அந்தப் பொய்க்கும் சேர்த்து அறைந்தேன். அவர் தலை ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. கண் சிவந்தது. "பொட்டச்சி, என்னியவா அடிக்கிற?" என்று வலது கையை ஓங்கி என் முகத்தில் அடித்தார்.

தோளிலிருந்து வந்த அடி. அந்த ஆளின் முழு ஆத்திரமும் அதில் இருந்தது. ஆனால் மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஈரத்துணி பட்ட மாதிரி அந்தக் கை என் கன்னத்தில் பட்டு, வழுக்கிக் கீழே போனது. விரல்கள் மெலிந்து, ஒன்றும் மடங்காமல், வேறு யாருடைய கையோ மாதிரி ஆடின. அவர் அதை நம்பவில்லை. மறுபடி ஓங்கினார். முஷ்டியாக மடக்கப் பார்த்தார், மடங்கவில்லை, அப்படியே அடித்தார். அழுதுகொண்டே மறுபடியும் அடித்தார். என் வீட்டுக்காரர் நடுவில் வரப் பார்த்தார், வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

நான் முகத்தை நகர்த்தவில்லை. எனக்குக் கொஞ்சம்கூட வலிக்கவில்லை.